தேம்பாவணியில் இறைக்காவலும் மனிதப் பொறுப்பும்: திருக்காவலூரை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

அரியலூர் மாவட்டம் திருமானூர் வட்டாரத்திலுள்ள ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டவர் வீரமாமுனிவர் (1680–1747). அங்குள்ள அன்னையை அடைக்கல மாதாவாகப் போற்றித் திருக்காவலூர்க் கலம்பகமும் பாடினார். ஊரின் பெயரில் காவலும் அன்னையின் பெயரில் அடைக்கலமும் அமைந்திருப்பது கருதத்தக்கது. இறைவனின் தூதர்க்குரிய காவல் என்னும் விவிலியக் கருத்து அவரது தேம்பாவணியில் பெறும் வடிவத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

விவிலியத்தில் காவல்

எலியாவுக்குக் காகங்கள் உணவு கொணர்ந்ததும் தானியேல் சிங்கக் குகையில் பிழைத்ததும் இறைக்காவலுக்குப் பலரும் காட்டும் சான்றுகள். இவற்றை மட்டும் கொண்டால் காவல் என்பது துன்பமின்மை என்றாகிவிடும். எரேமியாவின் வரலாறு இம்முடிவை மறுக்கிறது. உடனிருந்து விடுவிப்பதாக இறைவன் உறுதியளித்த அவ்விறைவாக்கினரே சேறு நிறைந்த கிணற்றில் தள்ளப்படுகிறார். அவரை மீட்டவர் எத்தியோப்பியரான எபேது மெலேக்கு. மீட்ட கருவிகள் கயிறும் கந்தல் துணியும். திருத்தூதர் பணிகள் 12ஆம் அதிகாரத்தில் யாக்கோபு வாளுக்கு இரையாகிறார். பேதுரு சிறையிலிருந்து மீள்கிறார். எனவே காவல் என்பது உயிர் பிழைத்தலுக்கான உறுதிமொழி அன்று.

வளனின் காவல்

மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியின் தலைவர் வளன் எனப்படும் சூசை. மத்தேயு நற்செய்தி சில வரிகளில் கூறும் எகிப்துப் பயணத்தைக் காப்பியம் பல படலங்களாக விரிக்கிறது. கனவில் செய்தி வருகிறது. இரவில் எழுந்து நடப்பவரோ வளன். இறைமகனைக் காக்கும் பொறுப்பு ஒரு தச்சரின் கைகளில் ஒப்படைக்கப்படுகிறது. இறைக்காவல் மனிதப் பொறுப்பின் வழியே செயற்படுகிறது என்பதே இவ்வமைப்பு உணர்த்தும் பொருள்.

தமிழ் மரபில் அடைக்கலமும் இத்தகைய பொறுப்பே. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கிறார்; அடைக்கலம் தவறியதை அறிந்த மாதரி தீப்புகுகிறாள். சிலம்பை முனிவர் பின்பற்றினார் என்பது இங்கு வாதமன்று. அடைக்கலம் ஏற்றவர் அதற்குத் தம் உயிரையே ஈடாகக் கருதும் மரபுடைய மொழியில் வளனின் காவல் கூடுதல் கனம் பெறுகிறது என்பதே வாதம்.

காவலின் எல்லை

ஒரு குழந்தை காக்கப்பட, பெத்லகேமின் ஏனைய குழந்தைகள் மடிவது இக்கருத்து எதிர்கொள்ளும் கடுமையான வினா. இறைவன் தம்மவரைக் காப்பார் எனும் எளிய விளக்கம் இங்கு அறத்தின் முன் நிற்காது. முனிவர் அதைக் கடந்து செல்லாமல் குழவிகள் வதைப் படலம் எனத் தனிப் படலமே அமைத்தார். அவர் அறிந்த வரலாறும் இதற்குத் துணைநிற்கிறது. அருளானந்தர் ஓரியூரில் 1693இல் கொல்லப்பட்டார். அவர் உழைத்த அதே மதுரை மறைப்பணித் தளத்திற்கு 18 ஆண்டுகளுக்குப் பின் வந்தவர் வீரமாமுனிவர். தூதர் கொல்லப்படலாம் என்பதை அவர் நூலில் மட்டும் கற்கவில்லை.

எனினும் ஒரு குறையைச் சுட்டுதல் வேண்டும். வானவர் சூழ்ந்து பணிபுரியும் வருணனைகள் மிகும் இடங்களில் வளனின் அச்சமும் களைப்பும் பின்தள்ளப்படுகின்றன. காப்பிய மரபின் அணிநலம் காவலின் அருமையை அவ்விடங்களில் குறைத்துவிடுகிறது.

முடிவுரை

தேம்பாவணியின் காவல் வியத்தகு செயல்களின் தொகுப்பாகவே நோக்கப்படின், வளன் வெறும் கருவியாகச் சுருங்குவார். பொறுப்பாக நோக்கப்படின், எபேது மெலேக்கின் கயிறும் வளனின் இரவு நடையும் ஒரே பொருளுடையனவாகும். திருக்காவலூர் எனும் பெயரையும் அவ்வாறே பொருள்கொள்ளலாம்: காக்கப்பட்டோரின் ஊர் என்பதோடு, காக்கும் கடமை ஏற்றோரின் ஊர் என்றும்.