பங்குனிச் சட்டி
நாரணாபுரம் வட்டாரத்தில் ஆண்டு முழுக்கப் பட்டாசு வேலை. ஆலைக்குள் தீப்பெட்டியோடு நுழையவே கூடாது. பங்குனியில் அதே நெருப்புக்குக் கும்பிடு. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கலில் எனக்குப் பிடித்தது அக்கினிச்சட்டிதான். மஞ்சள் உடை, இரு கையிலும் கொத்து வேப்பிலை, அதன்மேல் கொழுந்துவிட்டு எரியும் மண்சட்டி. கை தாங்குவது பக்தியால் என்பார்கள். பச்சை வேப்பிலைக்கும் அதில் பங்குண்டு என்பேன்! பொருட்காட்சியும் ராட்டினமும் பிள்ளைகளுக்கு.

வெளிநாடுகளிலும் நெருப்புக் கொண்டாட்டம் உண்டு. கிரேக்கத்தின் கியோஸ் தீவில், வ்ரொண்டாடோஸ் ஊரின் இரண்டு தேவாலயத்தார் ஈஸ்டர் இரவில் எதிரெதிரே ராக்கெட் விடுவார்கள். மால்டாவில் ஏப்ரலில் வாணவேடிக்கைத் திருவிழாவே உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் எரியும் சட்டியைக் கையில் ஏந்தி வெயிலில் நடக்கிற நம் ஊர்க்காரர்களுக்குத்தான் என் ஓட்டு.