மண்ணுக்குள் ஊற்றும் இரும்பு

தோட்டத்துக் கிணற்று மோட்டாரைப் பார்க்காதவர் கொங்கு நாட்டில் இல்லை. அதன் பம்ப் உடல் மண்ணில் பிறப்பதைப் பார்த்தவர்கள்தான் குறைவு. கோவை கணபதிப் பக்கம் ஒரு சின்ன பவுண்டரி, அதாவது வார்ப்பாலை. மணலும் பெண்டோனைட் களிமண்ணும் நிலக்கரித் தூளும் கலந்த கறுப்பு மண்ணை, அச்சு செய்யும் மோல்டர் ஒரு பிடி அள்ளி, இறுக்கி, இரண்டாக ஒடிக்கிறார். ஒடிந்த விளிம்பு உதிராமல் கூராக நின்றால் ஈரம் சரி. இதற்குக் கருவியும் உண்டு. அந்த விரல்களுக்கு அது வேண்டியிருப்பதில்லை. பம்ப் உடலின் மாதிரியான பேட்டர்னை வைத்த பெட்டியில் மண்ணைக் கொட்டிக் குத்தக் குத்த, ‘தொம் தொம்’ ஓசை மெல்ல இறுகி ‘டக்’ ஆகும். அதோடு நிறுத்திவிடுவார். மேலும் குத்தினால் ஆவி வெளியேற வழி அடைபட்டுப் போகும். பிறகு பேட்டர்னை லேசாகத் தட்டித் தளர்த்தி, நேராகத் தூக்குவார். ஓரத்து மணல் ஒரு துகள்கூடச் சரிவதில்லை.

“தள்ளி நில்லுங்க கண்ணு.” கிட்டத்தட்ட 1,400 டிகிரியில் இரும்பு வருகிறது. இரண்டு பேர் உருகிய இரும்பு நிறைந்த லேடில் கலத்தைச் சாய்க்கிறார்கள், பாட்டி குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுகிற நிதானத்தோடு. ஒழுக்கு அறுந்தால் இரும்பு உள்ளே ஒட்டாமல் கோடு விழுந்துவிடும். கம்பியால் குத்திய துளைகளில் நீலச் சுடர்கள் குபுகுபுவென்று கிளம்புகின்றன. அந்தக் கரி வாடை எனக்குப் பிடிக்கும். மண்ணை உடைத்து ஆறிய வார்ப்பை எடுத்துச் சுத்தியலால் தட்டிக் கேட்பார்கள்; விரிசல் இருந்தால் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். தேறாதது மறுபடி உலைக்கு. ஆண்டுதோறும் கோயம்புத்தூர் விழா எடுக்கும் ஊர், இதையும் ஒரு மாலை திறந்தவெளியில் செய்து காட்டினால் முதல் வரிசையில் இடம் பிடிக்க நான் தயார்.