பெற்றோர் குழு போதுமா?

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்ன அன்று இரவு ஒரு தாய்க்கு எழுகிற கேள்விகளுக்கு மருத்துவமனைச் சீட்டில் பதில் இருக்காது. இனி பேசுவானா? எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? மாமியாரிடம் எப்படிச் சொல்வது? வேலையை விட்டுவிட வேண்டியதுதானா? இன்றைய தமிழ்நாட்டில் இவற்றுக்குப் பதில் சொல்ல முதலில் வாய்ப்பவர், பெரும்பாலும் இதே பாதையில் நான்கைந்து ஆண்டுகள் முன்னால் போன இன்னொரு தாய்தான். தெரபி மையத்தின் வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது பேச்சு தொடங்கும். மறுநாள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் புதிய எண் ஒன்று சேர்ந்திருக்கும். மாதம் ஒருமுறை பூங்காவிலோ யாராவது ஒருவர் வீட்டிலோ சந்திக்கும் குழுக்களும் உண்டு. அரசாணை எதுவும் இல்லாமல், ஒரு ரூபாய் மானியமும் இல்லாமல் தானாக முளைத்த ஏற்பாடு இது. இதை நான் பெரிதும் மதிக்கிறேன். இதன் குறைகளை வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று நினைப்பதற்கும் அந்த மதிப்புதான் காரணம்.

இவற்றை வெறும் ஆறுதல் கூட்டங்கள் என்று ஒதுக்குகிற மருத்துவர்கள் தங்கள் துறையின் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். 1943-இல் லியோ கேனர் ஆட்டிசத்தை விவரித்து எழுதினார். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கருத்து அமெரிக்க மனநல உலகில் செல்வாக்கோடு இருந்தது. 1967-இல்கூட புரூனோ பெட்டல்ஹைம் அதை ஒரு முழு நூலாக எழுதிப் புகழ் பெற்றார். அந்தக் கருத்தின் அடித்தளத்தைத் தகர்த்தவர் ஒரு தகப்பன். ஆட்டிச நிலையில் இருந்த மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், இது உடலியல் சார்ந்தது, வளர்ப்பின் குற்றம் அல்ல என்று 1964-இல் ஒரு நூலில் வாதிட்டார். அடுத்த ஆண்டே மற்றப் பெற்றோரோடு சேர்ந்து ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கினார். பிரிட்டனில் 1962-லேயே பெற்றோர் சங்கம் அமைத்திருந்தார்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லோர்னா விங், ஒரு மனநல மருத்துவர், ஆட்டிச நிலையில் இருந்த ஒரு மகளின் தாய்.

இந்தியாவிலும் இதே கதைதான். பெருமூளை வாதம் உள்ள பிள்ளையின் தாயான பூனம் நடராஜன் 1985-இல் சென்னையில் தொடங்கிய மையம்தான் இன்றைய வித்யாசாகர். டெல்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பை 1991-இல் தொடங்கிய மெரி பருவாவும் ஒரு தாய். தமிழில் ஆட்டிசம் பற்றி எளிய நடையில் படிக்கக் கிடைப்பவற்றில் முக்கியமானவை யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம் சில புரிதல்கள்' நூலும் 'துலக்கம்' நாவலும். அவரும் பிள்ளையோடு வாழ்ந்து கற்றதிலிருந்து எழுதியவர்தான். நிபுணர்கள் தடுமாறிய இடத்தில் பெற்றோர்தான் முதலில் சரியாகப் பார்த்தார்கள்.

குற்றச்சாட்டு மட்டும் ஓயவில்லை. அன்பற்ற தாய் என்ற பழி இன்று நம் வீடுகளில் வேறு வேடத்தில் வருகிறது. "செல்போனைக் கையில் கொடுத்து உட்கார வெச்சே, அதான் இப்படி ஆயிட்டான்" என்பார்கள். "நீ வேலைக்குப் போனதால் வந்த வினை" என்பார்கள். அதிக நேரம் திரை பார்ப்பது சிறு குழந்தைகளுக்கு நல்லதல்ல என்பது உண்மை. ஆனால் அதுதான் ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்று எவரும் நிறுவவில்லை. இந்தப் பழியைச் சுமந்துகொண்டு வரும் பெண், அதே பழியைக் கேட்டுக் கடந்துவந்த பத்துப் பெண்களைப் பார்க்கிறாள். குழுவின் மிகப் பெரிய நன்மை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எந்த மருந்தும் எந்த ஆலோசகரும் இவ்வளவு விரைவாக இதைச் செய்ய முடியாது.

அடுத்த நன்மை, நடைமுறை அறிவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தை 21 குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. இவையெல்லாம் தாளில் இருக்கின்றன. தாளிலிருந்து கைக்கு வர, 40 கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் பிள்ளையைச் சோதிக்க வேண்டும். மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும். தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை மனநலப் பிரிவு மருத்துவர் இருப்பார், எந்தெந்த நகல் கொண்டு போக வேண்டும், வரிசையில் நிற்க முடியாமல் பிள்ளை அலறினால் யாரிடம் சொன்னால் முன்னால் அனுப்புவார்கள் என்பதெல்லாம் எந்த அரசுக் கையேட்டிலும் இராது. குழுவில் கேட்டால் அரைமணி நேரத்தில் பதில் வந்துவிடும்.

இதே பலத்திலிருந்துதான் முதல் குறையும் பிறக்கிறது. "என் பிள்ளைக்கு இது நடந்தது" என்பது அனுபவம். "உங்கள் பிள்ளைக்கும் கொடுங்கள்" என்றதும் அது பரிந்துரை ஆகிவிடுகிறது. குழுக்களில் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நழுவ ஒரு நொடி போதும். ரிம்லண்டின் பிற்கால வாழ்க்கையே இதற்குச் சாட்சி. பழியை உடைத்த அதே மனிதர் பின்னர் அதிக அளவு வைட்டமின் சிகிச்சைகளை முன்வைத்தார், தடுப்பூசியைச் சந்தேகித்தவர்களுக்குத் துணைநின்றார். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு 1998-இல் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரையை அந்த இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தப் பயமோ பெற்றோர் வட்டங்களில் இன்னும் உலவுகிறது.

பொய் சொல்லும் நோக்கம் இல்லாதவர்களிடமிருந்தும் தவறான தகவல் எப்படிப் பரவுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆட்டிச நிலைக் குழந்தையும் வளர்கிற குழந்தைதான். ஆறு மாதம் ஒரு முன்னேற்றமும் தெரியாமல் இருந்துவிட்டுத் திடீரென்று நான்கு சொற்கள் பேசும். அந்த ஆறு மாதத்தில் பெற்றோர் பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, புதிய பள்ளி, புதிய உணவு என்று ஐந்தாறு விஷயங்களை ஒரே சமயத்தில் தொடங்கியிருப்பார்கள். பிள்ளை பேசியதும், அவற்றில் எது புதுமையோ, எதற்கு அதிகப் பணம் கொடுத்தார்களோ, அதற்கே பெருமை போகிறது. பலன் காணாதவர்கள் குழுவில் எழுதுவதில்லை. ஏமாந்ததைச் சொல்லக் கூச்சம், நம்பிக்கையோடு இருப்பவர்களின் மனத்தைக் கெடுக்கவும் தயக்கம். ஆகவே புதிதாக வருகிற தாயின் கண்ணில் வெற்றிக் கதைகள் மட்டுமே படுகின்றன.

விளைவு சிறியதல்ல. கோதுமையையும் பாலையும் அறவே நிறுத்தும் உணவுமுறைக்கு உறுதியான ஆதாரம் இதுவரை இல்லை. தயிர்சாதமும் பிஸ்கட்டும் தவிர வேறெதையும் தொடாத பிள்ளையிடமிருந்து அந்த இரண்டையும் பறித்தால் மிஞ்சுவது பட்டினி. ஸ்டெம்செல் சிகிச்சைக்கு நகை அடகு வைத்துப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் அறநெறி வாரியம் 2022-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தச் செய்தி எத்தனை குழுக்களில் பகிரப்பட்டிருக்கும்? குழுவை நடத்துபவர்களுக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. மருந்து, மாத்திரை, ஊசி, உணவுத் தடை பற்றிய பரிந்துரைகளைக் குழுவில் அனுமதிப்பதில்லை என்று ஒரு வரி விதி போதும். சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் பெயரைப் பகிர்வதற்கு முன் அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பதும் கடினமல்ல.

இரண்டாவது குறை பற்றிப் பேசுவோர் குறைவு. பிள்ளை தரையில் விழுந்து புரண்டு அலறும் காட்சியைப் படம் பிடித்து, "என்ன செய்வது?" என்று இருநூறு பேர் உள்ள குழுவில் போடுகிறார்கள். கழிப்பறைப் பழக்கம், வயதுக்கு வந்த மகளின் மாதவிடாய்ச் சிக்கல் எல்லாம் பெயரோடு பேசப்படுகின்றன. தாயின் தவிப்பு புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்கும் மானம் உண்டு. நாளை அவன் பெரியவனாவான். இன்று பகிர்ந்த காட்சியைத் திரும்ப அழிக்க முடியாது. எழுத்தில் விவரித்தாலே உதவி கிடைக்கும். இதில் சமரசத்துக்கு இடமில்லை என்பதே என் நிலை.

மூன்றாவது குறைக்குக் குழுக்கள் முழுப் பொறுப்பு அல்ல. பெற்றோரைப் பயிற்றுவித்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த 'பாஸ்' ஆய்வு 2016-இல் வெளியானது. நிபுணர் அல்லாத பணியாளர்கள் 12 அமர்வுகளில் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பழகுவதும், பிள்ளை தானாகத் தொடர்பு கொள்ள முனைவதும் கூடின. இருவரும் ஒரே பொருளில் கவனத்தைப் பகிர்ந்துகொள்ளும் நேரமோ குறைந்தது. ஆய்வாளர்கள் அதையும் மறைக்காமல் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சியும் இதே வழியில் 9 குழு அமர்வுகளும் 3 வீட்டு வருகைகளும் கொண்டது.

இவை சொல்லித்தருபவருக்கு ஊதியம் கொடுத்து, மேற்பார்வை வைத்து நடத்தப்பட்டவை. நம் ஊரில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டோம். பயிற்சி தரப் போதிய ஆள் இல்லாததால் தாயே தெரபிஸ்ட், தாயே சிறப்பாசிரியர் என்று ஆக்கிவிட்டோம். அவள் வேலையை விடுகிறாள். குழுவை நடத்துகிற இன்னொரு தாய், பிள்ளை தூங்கிய பிறகு நள்ளிரவு வரை மற்றவர்களின் அழுகைக்குப் பதில் எழுதுகிறாள். "கடவுள் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்" என்று பாராட்டுகிறோம். இந்தப் பாராட்டு எனக்கு வேதனை தருகிறது. அதைக் கேட்ட பெண் 'என்னால் முடியவில்லை' என்று எங்கே போய்ச் சொல்வாள்? தகப்பன்மார்கள் கூட்டங்களுக்கு வருவது இன்னும் அரிதாகவே இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் பிள்ளையை நம்பி விட்டுவிட்டு ஓய்வெடுக்க ஓர் இடம், பெரும்பாலான மாவட்டங்களில் கிடையாது. அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை தரும் ஏற்பாட்டை 2016 சட்டமே குறிப்பிடுகிறது. அதைக் கேட்டுப் பெறும் குரல் குழுக்களிலிருந்து போதுமான அளவு எழவில்லை. ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டே இருந்ததில், அரசிடம் கேட்க வேண்டியதையும் நாமே சுமந்துகொள்ளப் பழகிவிட்டோம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன. நல்ல தொடக்கம். அந்த மையங்களில் அனுபவமுள்ள ஒரு பெற்றோரை மாதச் சம்பளத்துக்கு வழிகாட்டியாக நியமிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இன்று வாட்ஸ்அப்பில் இலவசமாக நடக்கும் வேலை அது. சம்பளம் தந்தால் பொறுப்பும் வரும், பயிற்சியும் வரும்.

குழுவில் யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். தெரபிக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் தெரபி மைய வாசலில் சந்திக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிற பெண் அந்த வாசலுக்கே வருவதில்லை. குழுவில் பாதி உரையாடல் ஆங்கிலத்தில் ஓடும்போது, சேர்ந்தவளும் மௌனமாகிவிடுகிறாள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கப்பட்ட அமர்சேவா சங்கம் இதற்கு வேறு வழி கண்டது. ஊர்ப் பெண்களையே களப்பணியாளர்களாகப் பயிற்றி, பிள்ளைகளின் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். நகரத்துக் குழுக்கள் அங்கிருந்து கற்க வேண்டியது நிறைய.

ஆட்டிச நிலையில் உள்ள பெரியவர்களும் குழுவில் இல்லை. 1993-இல் அமெரிக்க ஆட்டிச நிலையாளர் ஜிம் சின்க்ளேர், எங்களை நினைத்துத் துக்கம் காக்காதீர்கள் என்று பெற்றோர்களை நோக்கிச் சொன்னார். இன்றும் நம் குழுக்களில் அவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம், அவர்களோடு பேசுவதில்லை. காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு மிக்ஸி சத்தம் எப்படிக் கேட்கிறது என்பதை அனுபவித்தவர்தான் சொல்ல முடியும்.

கடைசியாக ஒன்று. குழுக்களில் பெரும்பாலோர் மூன்று முதல் பத்து வயதுப் பிள்ளைகளின் பெற்றோர். உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சியும் 2 முதல் 9 வயது வரைதான். பிள்ளைக்குப் பதினைந்து, இருபது வயதாகும்போது பெற்றோர் சத்தமில்லாமல் விலகிவிடுகிறார்கள். புதிய தாய்மார்களை நம் கதையால் பயமுறுத்த வேண்டாம் என்ற எண்ணமாக இருக்கலாம், சோர்வாகவும் இருக்கலாம். ஆனால் தசைவலு கூடிய மகனைக் கையாள்வது, மகளின் பாதுகாப்பு, தொழிற்பயிற்சி, எங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வி ஆகியவற்றில் அவர்களுக்குத் தெரிந்தது வேறு எவருக்கும் தெரியாது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோர் தானாகச் சட்டக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கோ சொத்துப் பத்திரமோ நின்றுபோகும்போதுதான் பல குடும்பங்களுக்கு இது தெரியவருகிறது.

வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர்களே, குழுவுக்குத் திரும்பி வாருங்கள். குழு நடத்துபவர்களே, மாதத்தில் ஒரு கூட்டத்தை அவர்களுக்கு ஒதுக்குங்கள். பிள்ளைக்கு இப்போது பதினாறு, பதினேழு வயது என்றால், காப்பாளர் விண்ணப்பத்துக்கான ஆவணங்களை இந்த ஆண்டே திரட்டத் தொடங்குங்கள்.