வெயில் பறிக்கும் புரோமின்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சேலைக் கடைகளில் ஊதாவுக்கும் நீலத்துக்கும் நடுவே முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்களிடம், "வாசல்ல வச்சுப் பாருங்கக்கா, வெயில்ல தெரியும்" என்பார்கள். அந்த இரண்டு நிறங்களுக்கும் நடுவே இருக்கும் தூரம் சில வேளைகளில் இரண்டே புரோமின் அணுக்கள்.

மத்தியதரைக் கடலின் முள்சங்கு நத்தைகளிலிருந்து எடுத்த அரச ஊதாவைச் சொல்கிறேன். 1909இல் வேதியியலாளர் பால் ஃப்ரீட்லேண்டர் 12,000 நத்தைகளை உடைத்து 1.4 கிராம் சாயம் எடுத்தார். அது டைபுரோமோ இண்டிகோ என்று தெரிந்தது. அந்த இரு புரோமினையும் நீக்கினால் மிஞ்சுவது நம்ம அவுரி நீலமேதான்!

நீக்கும் விதம்தான் பேரழகு. ஊதா தண்ணீரில் கரையாது. காரத் தொட்டியில் ஆக்சிஜன் ஒடுக்கம் செய்தால் மஞ்சள் கலந்த பச்சையாகக் கரையும். அப்போது வெயில் பட்டால் கார்பனை விட்டுப் புரோமின் கழன்றுவிடும். அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து உட்காரும். கம்பளி நூலைத் தொட்டியிலிருந்து தூக்கும்போதும் பச்சைதான். காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் ஏறும். தொட்டியை மூடியே வைத்திருந்தால் ஊதா.

1980களில் இஸ்ரேலில் வேதியியலாளர் ஓட்டோ எல்ஸ்னர் வெயிலின் இந்த வேலையைக் கவனித்தார். யூதர்களின் தொழுகை ஆடைக்கான பழைய நீலநூல் நத்தையிலிருந்து எப்படி வந்திருக்கும் என்ற கேள்விக்கு அதுவே வழிகாட்டியது. புரோமினை நீக்குவது ஆய்வுக்கூடத்தில் உலோகமும் வினையூக்கியும் தேடும் வேலை. இங்கே வெயில் போதும். ஒரு புரோமின் மட்டும் போய் மற்றது தங்கிவிட்டால் வரும் நீலம் தோய்ந்த ஊதாவுக்கே என் ஓட்டு.