போன்ஹோஃபரைத் தூக்குமேடை இல்லாமல் படிப்பது

டீட்ரிக் போன்ஹோஃபரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கதையைக் கடைசியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். 1945 ஏப்ரல் 9, ஃப்ளோசன்பூர்க் வதைமுகாம், தூக்கு. வயது 39. ஹிட்லரைக் கொல்லத் திட்டமிட்டவர்களோடு சேர்ந்திருந்த லூத்தரன் போதகர். இவ்வளவும் சொல்லி முடித்தபிறகுதான் அவர் எழுதின புத்தகத்துக்கு வருவார்கள். “சீஷத்துவத்தைப் பற்றி எழுதினார், எழுதினபடியே செத்தார்” என்று ஒரு வரி. வாலிபர் கூடுகைகளில் இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். கேட்கிற பிள்ளைகள் முகத்தில் ஒரு பிரமிப்பு வரும். அப்புறம் எல்லாரும் சாப்பாட்டுக்குப் போவோம்.

அந்த வரியோடுதான் எனக்குப் பிரச்சினை. ஒன்று, அது உண்மையில்லை. இன்னொன்று, அந்தப் புத்தகம் திருச்சபையின்மேல் எந்தக் குற்றத்தைச் சாட்டுகிறதோ, அதே காரியத்தை நாம் அதை எழுதினவருக்கே செய்துகொண்டிருக்கிறோம்.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். புத்தகம் வந்தது 1937 கடைசியில். அவருக்கு அப்போது 31 வயது. எந்தச் சதியிலும் இல்லை. புத்தகத்தின் பெரிய பகுதி மத்தேயு 5 முதல் 7 வரையுள்ள மலைப்பிரசங்கத்தின் விளக்கம். தீமையைத் திருப்பி அடிக்காமல் தாங்கிக்கொள்கிறவனிடம்தான் தீமை தன் ஓட்டத்தை முடித்துக்கொள்கிறது என்று அங்கே வாதாடுகிறார். பொய்யைப் பற்றியும் அதே கறார்தான். அந்த வருடங்களில் அவர் காந்தியிடம் வந்து தங்கிப் படிக்க ஆசைப்பட்டார். 1934 நவம்பர் 1 அன்று காந்தி வரச்சொல்லிக் கடிதமும் எழுதினார். பயணம் நடக்கவில்லை. நாசி அரசு சபைக்குள் கைவைத்ததை எதிர்த்து நின்ற ‘அறிக்கையிடும் திருச்சபை’ ஒரு போதகர் பயிற்சிப் பள்ளியை நடத்த அவரைக் கூப்பிட்டது, அங்கே போய்விட்டார். சில வருடம் கழித்து அதே மனுஷர் ஜெர்மன் ராணுவ உளவுத்துறையில் பெயருக்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டு, பொய் சொல்லி, ஆளை ஏமாற்றி, ஒரு கொலைத்திட்டத்துக்கு உடந்தையாக இருந்தார். அது சரியா தப்பா என்பது வேறு விவாதம். ஆனால் எழுதினபடியே செத்தார் என்று மட்டும் சொல்லமுடியாது. எழுதினதோடு மல்லுக்கட்டிக்கொண்டே செத்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்போது இரண்டாவது விஷயம். தலைப்பிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கு.

ஜெர்மன் மூலத்தின் தலைப்பு ஒரே சொல்: ‘நாக்ஃபோல்கெ’. பின்னால் போவது, அவ்வளவுதான். தாமஸ் கெம்பிஸின் பழைய பக்தி நூலும் ஜெர்மனில் இந்தச் சொல்லோடுதான் வழங்குகிறது என்பதால் அங்குள்ள வாசகருக்கு அது பழகின சொல். 1948இல் ஆங்கிலத்தில் வந்தபோது தலைப்பில் ‘விலை’யைச் சேர்த்துவிட்டார்கள்: சீஷத்துவத்தின் விலை. புத்தகத்தின் முன்னால் அவருடைய மைத்துனர் எழுதின வாழ்க்கைச் சுருக்கம் வேறு. ஆக, முதல் அதிகாரத்தைத் தொடுவதற்கு முன்பே ஆள் எப்படிச் செத்தார் என்று தெரிந்துவிடுகிறது; ‘விலை’ என்ற சொல்லும் காதில் விழுந்துவிடுகிறது. வாசகர் இரண்டையும் தானாகவே கூட்டிக்கொள்கிறார். சீஷனாக வந்தால் இதுதான் பில்.

உள்ளே அவர் பேசுகிற விலை அது அல்ல. முதல் அதிகாரத்தின் பேச்சு முழுக்க கிருபையைப் பற்றி. மலிவான கிருபை என்று ஒன்று, அதற்கு எதிராக ‘டொய்ரெ’ என்று அவர் சொல்கிற கிருபை இன்னொன்று. அந்த ஜெர்மன் சொல்லுக்கு விலை அதிகமானது என்றும் அர்த்தம், அருமையானது, பிரியமானது என்றும் அர்த்தம். ஆங்கிலத்தில் வந்தபோது விலை மட்டும் நின்றுவிட்டது. நம்முடைய பழைய பைபிள் தமிழில் ‘விலையேறப்பெற்ற’ என்று ஒரு சொல் இருக்கு பாருங்க, அதில் இரண்டும் சேர்ந்தே கேட்கும். அந்தக் கிருபை கடவுளுக்கே தன் மகனின் உயிரைக் கொடுத்து வாங்கினதாக இருந்தது, ஆகவே நமக்கு அது சல்லிசாக இருக்கமுடியாது. வாதத்தின் வரிசை இது. நாம் ஏதோ கட்டித்தீர்த்து வாங்கிக்கொள்கிற கிருபை என்று அவர் சொல்லவேயில்லை.

அதே அதிகாரத்தில் அவர் ஒரு சபை வரலாறு சொல்கிறார். புத்தகத்தின் இதயம் அதுதான் என்பது என் எண்ணம். மேற்கோள் எடுக்கிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கதை இப்படிப் போகிறது. சபை உலகத்தோடு பரவிப் பரவி கிருபையை மலிவாக்கிக்கொண்டது. ஆனாலும் பின்செல்லுதல் என்பது அடியோடு மறந்துபோகாமல் ஓர் இடத்தில் இருந்தது, அதாவது துறவிமடங்களில். அங்கே சிலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போனார்கள். சபை அவர்களைத் துரத்தவில்லை; கெட்டிக்காரத்தனமாக உள்ளேயே வைத்துக்கொண்டது. இது பெரியவர்களுக்கான வழி, சாதாரண ஜனத்துக்கு இவ்வளவு தேவையில்லை என்று இரண்டு தரம் பிரித்தது. மற்றவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால் மடத்தைக் கைகாட்டலாம். பார், எங்களிடமும் அப்படிப்பட்ட ஆட்கள் இருக்காங்க!

லூத்தர் மடத்துக்குள் போனார். அங்கே கடைசியாக அவர் கண்டுபிடித்தது, தன்னுடைய துறவே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பக்தியுள்ள சுயநலம் என்பதை. மடத்தைவிட்டுத் திரும்பி வந்தார். போன்ஹோஃபர் இங்கே நிறுத்திச் சொல்வது இதைத்தான்: லூத்தர் திரும்பி வந்தது சீஷத்துவம் தேவையில்லை என்பதற்காக அல்ல, அது ஒரு சிலரின் சாதனையாக இருக்கக்கூடாது, தெருவிலும் வீட்டிலும் வேலையிலும் எல்லாராலும் நடக்கப்படவேண்டும் என்பதற்காக. பின்னால் வந்தவர்கள் அவர் சொன்ன சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நடையை விட்டுவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு அந்த வாலிபர் கூடுகையை நினைத்துப் பாருங்க. தூக்குமேடையில் நிற்கிற போன்ஹோஃபர்தான் நமக்கு இப்போது மடம். அவரைக் கைகாட்டிவிட்டு நாம் சாப்பாட்டுக்குப் போகலாம்.

போஸ்டர்களில் வரும் அந்தப் பிரபலமான வரி, கிறிஸ்து அழைப்பதையும் சாவதையும் சேர்த்துச் சொல்கிற வரி, அதையும் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் அது முழங்குகிறது. ஜெர்மனில் கொஞ்சம் அடக்கமாகவே இருக்கு. அதைவிட முக்கியம், அந்தப் பத்தி எதைப் பற்றியது என்பது. பழைய பிணைப்புகளை விட்டு வருகிற பழைய மனுஷனின் சாவு அது. உதாரணத்துக்கு அவர் எடுப்பது வீட்டையும் வேலையையும் விட்ட முதல் சீஷர்களை, மடத்தைவிட்டு உலகத்துக்குள் வந்த லூத்தரை. இரத்தசாட்சி மரணமும் அதில் ஒரு விதம்தான், ஆனால் ஒரு விதம் மட்டும்தான்.

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் தூக்குமேடையிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கு. அப்பா பிள்ளையிடம் போய்ப் படு என்கிறார். இறையியல் படித்த பிள்ளை யோசிக்கிறது: அப்பா படுக்கச் சொல்வது நான் களைப்பாக இருப்பேன் என்று நினைத்து, களைப்பைப் போக்கத்தான் அவருக்கு விருப்பம், விளையாடினாலும் களைப்பு போகும், ஆகவே அப்பா உண்மையில் சொல்வது, போய் விளையாடு. வீட்டில் இதற்கு அடி விழும், சபையில் இதற்கு வியாக்கியானம் என்று பெயர். உன் சொத்தை விற்றுவிடு என்று இயேசு சொன்னால், உள்ளுக்குள் பற்றில்லாமல் வைத்துக்கொள் என்று நாம் புரிந்துகொள்வது இந்தக் கணக்கில்தான். இதைவிடச் சுருக்கமாக நம்மைப் பிடித்த எழுத்து எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

குறைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் புத்தகத்தைப் புனிதப் பொருளாகத் தூக்கிவைத்தால் நான் சொல்லிவந்ததெல்லாம் வீணாகிவிடும்.

கீழ்ப்படிதலும் விசுவாசமும் பிரியாதவை என்று அவர் சொல்கிறார். நம்புகிறவன்தான் கீழ்ப்படிகிறான், கீழ்ப்படிகிறவன்தான் நம்புகிறான். முதல் பாதி எல்லாச் சபைகளிலும் சொல்லப்படுவது, இரண்டாவது பாதிதான் புதுசு. அதிலிருந்து போதகர்களுக்கு ஒரு யோசனை வருகிறது: ‘எனக்கு விசுவாசம் வரவில்லை’ என்று ஒருவர் வந்தால், எங்கேயோ நீ கீழ்ப்படியாமல் எதையோ பிடித்து வைத்திருக்கிறாய், அதை விடு என்று சொல். சாமர்த்தியமாகத் தப்பித்துக்கொண்டிருக்கிற ஒரு ஆளிடம் இது நல்ல மருந்து. மற்றவரிடம்? ஒரு முகாமில் கல்லூரிப் பெண் ஒருத்தி, ஜெபம் பண்ண உட்கார்ந்தால் ஒண்ணும் வரமாட்டேங்குது என்றாள். பேசவந்தவர் எல்லார் முன்னாலேயும் கேட்டார்: எந்தப் பாவத்தை மறைச்சு வச்சிருக்கே? அந்த வருடம்தான் அவளுடைய அப்பா இறந்திருந்தார். பேச்சாளர் போன்ஹோஃபரைப் படித்தவரா என்று தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கிற பக்கம் இந்தப் புத்தகத்தில் இருக்கு. தனிமையில், பாவ அறிக்கை கேட்கிற போதகரின் அறையில் நடக்கவேண்டிய பேச்சாகத்தான் அவர் எழுதுகிறார் என்பது உண்மை. இருந்தாலும் களைத்துப்போனவனுக்கும் தப்பிக்கிறவனுக்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் போவது அவர் பொறுப்புதான்.

இரண்டாம் பாகத்தில் இன்னொரு இடம். சபை என்பது கண்ணுக்குத் தெரிகிற கூட்டம் என்று அருமையாக எழுதிக்கொண்டே வருகிறார். அழைக்கப்பட்ட நிலையிலேயே இரு என்ற பவுலின் பேச்சு வருகிறது. அடிமை அடிமையாகவே இருக்கலாம் என்கிறார். அந்தச் சமூக அமைப்பு நல்லது என்பதால் அல்ல. உலகமே இடியப்போகிற கட்டடம், கிறிஸ்துவுக்குள் அவன் ஏற்கெனவே சுதந்திரன், கலகம் பண்ணினால் அது மறைந்துபோகும் என்பதால். வாதத்தின் நூல் எனக்குப் புரிகிறது. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர் யாரும் இந்தப் பத்தியை அமைதியாகப் படித்துவிட முடியாது. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று, வெளியே அவரவர் இடம் அவரவருக்கு என்ற பேச்சு தஞ்சாவூர்ச் சபைகளில் 1833இலேயே நடந்தது. சபைக்குள் சாதி கூடாது என்று பிஷப் டேனியல் வில்சன் உத்தரவு போட்டபோது எதிர்த்து நின்றவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அந்தப் பேச்சின் முடிவு கல்லறைத்தோட்டம் வரை வந்த சுவர்தான். கலகம் பண்ணாமல் இருக்கச் சொல்வது யாரிடம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1937இல் ஜெர்மனியில் இதை எழுதின மனுஷர் பிற்பாடு என்ன செய்தார் என்று பார்த்தால், இந்தப் பத்தி அவருக்கே போதவில்லை என்றுதான் படுகிறது.

இதை நான் ஊகமாகச் சொல்லவேண்டியதில்லை. 1944 ஜூலை 20 அன்று ஹிட்லர்மீது வைத்த குண்டு தப்பியது. மறுநாள், டேகல் சிறையிலிருந்து நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். காரியம் கெட்டுவிட்டது, தன் உயிரும் போகலாம் என்று தெரிந்த நாள். அதில் அமெரிக்காவில் படித்தபோது ஒரு இளம் பிரெஞ்சுப் போதகரோடு பேசிக்கொண்டிருந்ததை நினைவுகூர்கிறார். வாழ்க்கையில் என்ன ஆகவேண்டும் என்ற பேச்சு. நண்பர், நான் ஒரு புனிதனாக ஆசைப்படுகிறேன் என்றார். நான் நம்பக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்றார் இவர். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் தனக்கு ரொம்ப நாள் புரியவில்லை என்கிறார். பரிசுத்தமாக வாழ முயற்சி பண்ணினால் நம்பிக்கை வந்துவிடும் என்று நினைத்திருந்தேன், அந்தப் பாதையின் முடிவில் எழுதினதுதான் அந்தப் புத்தகம். இன்று அதன் ஆபத்துகள் தெளிவாகத் தெரிகின்றன, ஆனாலும் அதைக் கைவிடமாட்டேன் என்கிறார். பிற்பாடு கண்டுகொண்டது, இந்த உலகத்தின் கடமைகள், குழப்பங்கள், தோல்விகள் எல்லாவற்றுக்கும் நடுவில் முழுசாக வாழ்ந்துதான் நம்பக் கற்றுக்கொள்ளமுடியும் என்பது. தன்னைப் புனிதனாக்கிக்கொள்ளும் முயற்சியையே விட்டுவிடவேண்டும் என்கிறார்.

தன் புத்தகத்துக்கு இவ்வளவு நேர்மையான மதிப்புரை எழுதினவர்கள் குறைவு. ஆனால் நாம் என்ன செய்தோம்? அதே மனுஷரைப் புனிதராக்கி, அவர் ஆபத்து என்று சொன்ன வழியிலேயே அவர் புத்தகத்தைப் படிக்கிறோம்.

அந்தப் பயிற்சிப் பள்ளி ஸ்டெட்டின் பக்கத்தில் ஃபிங்கன்வால்டெ என்ற ஊரில் இருந்தது. 1937இல் கெஸ்டாப்போ மூடிவிட்டது. புத்தகத்தின் பெரும்பகுதி அங்கே வகுப்பில் பேசினது. பெத்கே அங்கே மாணவர், அவர் எழுதின வாழ்க்கை வரலாற்றில் இரண்டு சின்ன விஷயம் வரும். ஆரம்ப நாட்களில் சமையலறையில் பாத்திரம் கழுவ ஆள் கேட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. போன்ஹோஃபர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு கழுவ ஆரம்பித்தார். பின்னால் ஓடிவந்தவர்களைச் சேர்க்கவில்லை. இன்னொன்று ஒரு விதி: கூட இல்லாத சகோதரனைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது, தவறிப் பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லவேண்டும். விதி அடிக்கடி உடைந்தது, திரும்பத் திரும்பப் புதுப்பித்தார்கள். பிரசங்கங்களில் கற்றுக்கொண்டதற்குக் குறையாமல் இதில் கற்றுக்கொண்டோம் என்பது பெத்கேயின் சாட்சி. நம்ம சபைக் கமிட்டிகளில் இந்த ஒரு விதியை ஒரு மாதம் வைத்துப் பார்க்கச் சொன்னால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்!

புதிதாகப் படிக்கப்போகிறவர்களுக்கு: முடிந்தால் ‘விலை’ இல்லாத தலைப்போடு பிற்பாடு வந்த ஆங்கில மொழிபெயர்ப்பை எடுங்க. அதே பழைய பதிப்புதான் கையில் இருந்தால் முன்னாலுள்ள வாழ்க்கைச் சுருக்கத்தைத் தாண்டி நேராக முதல் அதிகாரத்துக்குப் போங்க. துறவிமடக் கதை அங்கேதான் இருக்கு, சில பக்கம்தான்.