ஜோன்ஸ்டனை யார் வாசித்தது?

சில மாதங்களுக்கு முன் எங்களூர்ப் பள்ளிவாசல் மண்டபத்தில் ஒரு வரலாற்றுக் கூட்டம் நடந்தது. பேசியவர் ஊரில் மதிப்புள்ளவர். "நாங்க ஹாஷிம் குடும்பத்து அரபிகளின் வாரிசுகள். பிரதம நீதியரசர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டனே இதை நிரூபித்துவிட்டார். இராமநாதன் மறுத்துப் பார்த்தார், அப்துல் அஸீஸ் வாயை அடைத்தார்" என்றார். சபைக்கு மகிழ்ச்சி. தேநீர் குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன்: "நாநா, ஜோன்ஸ்டன்ட கட்டுரைய வாசிச்சீங்களா?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தானே தம்பி" என்றார்.

உண்மையைச் சொல்வதானால் நானும் வாசித்திருக்கவில்லை. பல வருடங்களாக மேற்கோள் மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன். அன்றிரவு தேடினேன். லண்டன் றோயல் ஏசியாட்டிக் சொசைட்டி 1827இல் வெளியிட்ட முதல் தொகுதியில் அது இருக்கிறது. பதிப்புரிமை முடிந்த அந்தப் பழைய தொகுதிகளை இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் காசில்லாமல் புரட்டலாம். அரைமணி நேரமும் செல்லவில்லை.

ஜோன்ஸ்டன் அங்கே எதையும் நிரூபிக்கவில்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீபா அப்துல் மலிக் பின் மர்வானின் கொடுமைக்குத் தப்பி வந்த ஹாஷிம் குடும்பத்து அரபிகளே முதல் குடியேறிகள் என்பது, அவர்களுடைய சந்ததியாரிடையே நிலவும் மரபுக்கதை என்றுதான் எழுதுகிறார். "அவர்களிடையே நிலவும் மரபின்படி" என்ற அந்தச் சிறு பகுதி எங்கட மேடைகளில் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. எங்கள் மூதாதையர் சொன்னதை அவர் கேட்டு எழுதினார். அதையே நாங்கள் அவருடைய தீர்ப்பாக்கித் திரும்ப எங்களுக்கே சான்றாகக் காட்டுகிறோம். (அப்துல் மலிக் 705இலேயே காலமாகிவிட்டார் என்பதையும் ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.) மரபுக்கதை பெறுமதி அற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குரிய பெயரால் அதை அழைக்க வேண்டும்.

ஜோன்ஸ்டனை முடித்த கையோடு மற்ற இருவரையும் எடுத்தேன். பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் றோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரை, மொழியையும் பழக்கவழக்கங்களையும் உடற்கூறுகளையும் காட்டி, சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மாத்திரம் முஸ்லிம்கள் என்று வாதிடுகிறது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸின் மறுப்பு நூல் 1907இல் வந்தது. பத்தொன்பது வருடத் தாமதம்! 1957இல் சோனக இஸ்லாமிய கலாசார நிலையம் அதை மறுபதிப்புச் செய்தது.

அஸீஸிடம் எனக்குப் பிடித்தது அவர் எதிராளியை முழுவதும் வாசித்தவர் என்பதுதான். கூற்றை எடுத்து வைத்து அதற்கு நேரே பதில் சொல்கிறார். ஒருவர் பேசும் மொழி அவரது இனத்தைத் தீர்மானிக்காது, தமிழ் வணிகத் தேவையால் வந்த மொழி என்ற அவரது வாதத்தை இன்றைக்கும் லேசாகத் தள்ளிவிட முடியாது. சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைப்பதைத் தடுப்பதே இராமநாதனின் நோக்கம் என்றும் எழுதுகிறார். 1889இல் எம்.சி. அப்துர் ரஹ்மான் அந்தச் சபைக்கு நியமிக்கப்பட்டதை நினைத்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. ஆனால் நோக்கத்தைக் காட்டுவது வேறு, சான்றை மறுப்பது வேறு. சில இடங்களில் அஸீஸ் இரண்டையும் கலந்துவிடுகிறார். மரபுக்கதையை வரலாறாக எடுத்துக்கொள்ளும் பலவீனமும் அவருக்கு உண்டு. அவரைக் குறை சொல்லக்கூடாது என்பவர்கள்தான் அவரை வாசிக்காதவர்கள் என்பது என் அனுபவம்.

நூறு வருடத்துக்கு முந்திய சண்டையை இப்போ ஏன் கிளறுகிறேன்? மூலத்தை வாசிக்காத பழக்கம் வரலாற்றோடு நிற்கவில்லை.

2020 ஏப்ரல் 11ஆம் திகதி, கொவிட்டில் மரணித்தவர்களின் உடல்களைத் தகனம் செய்தே ஆக வேண்டும் என்ற வர்த்தமானி வந்தது. எனது கைப்பேசி குரல்பதிவுகளால் நிரம்பியது. அழுதேன், கோபப்பட்டேன், வந்ததையெல்லாம் மற்றவர்களுக்கு அனுப்பினேன். வர்த்தமானியை மட்டும் வாசிக்கவில்லை. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் அது கிடைத்தது, ஒரு சிறிய ஆவணம். எந்தக் கட்டளைச்சட்டத்தின் கீழ் வந்தது, யார் கையொப்பமிட்டது, எத்தனை பாகை வெப்பம் என்பதெல்லாம் அதில் இருந்தன. புதைக்கலாம் அல்லது எரிக்கலாம் என்ற உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் அதற்கு முன்பே, மார்ச் 24இல், வெளிவந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் மனுக்களோடு உயர் நீதிமன்றம் போனார்கள். டிசம்பரில் மனுக்கள் தள்ளுபடியாயின என்பது வேறு கதை. 2021 பெப்ரவரி 25இல் திருத்தம் வந்தது, மார்ச் 5இல் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அந்த மாதங்களில், "டொக்டர் என்னத்த எழுதியிருக்காங்க?" என்று கேட்ட என் உம்மாவுக்கு ஒரு ஒழுங்கான பதில் சொல்லத் தெரியாமல் இருந்தவன் நான்.

வசதி இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. நூலகம் நிறுவனத்தின் தளத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஹன்சார்ட் பாராளுமன்றத் தளத்தில் உண்டு. எங்கட எம்பி என்ன பேசினார் என்று அவரது ஆதரவாளரிடம் கேட்க வேண்டியதில்லை. இல்லாததைக் கேட்டுப் பெற 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று அதிகாரி கேட்க முடியாது, 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

குறை எங்கே என்றால், ஜோன்ஸ்டனும் இராமநாதனும் அஸீஸும் எழுதியது ஆங்கிலத்தில். எங்களூர் நூலகத்தில் காலையில் பத்திரிகை வாசிக்க வரும் பெரியவர்களுக்கு இணையத்தில் இருந்தும் பயனில்லை. மூன்றையும் ஒரே அட்டைக்குள் தமிழில், குறிப்புகளோடு, இராமநாதனை ஒரு சொல்லும் வெட்டாமல் தர வேண்டும். இராமநாதனை ஏன் போட வேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள், தெரியும்.

ஜோன்ஸ்டனின் அந்தப் பக்கங்களைப் பிரதியெடுத்து, கீழே தமிழில் எழுதி, நாநாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் வாசித்தார். "மரபின்படி எண்டா போட்டிருக்கான்?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு, "அஸீஸ்ட புத்தகமும் இருக்கா தம்பி?" என்றார்.