கைதட்டலின் பங்கு

2007 ஆகஸ்ட் 7: பேஸ்பால் வீரர் பாரி பாண்ட்ஸ் 756ஆவது ஹோம் ரன்னை அடித்து ஹாங்க் ஆரனின் சாதனையை முறியடிக்கிறார். அணியின் ஊரான சான் பிரான்சிஸ்கோ ஆர்ப்பரிக்கிறது. வெளியூர் மைதானங்களிலோ ஊளைச் சத்தம், ஊக்கமருந்துச் சந்தேகத்தைச் சொல்லும் நட்சத்திரக் குறி அட்டைகள். சந்தேகம் 'நம்ம ஆளு' மீதென்றால் வதந்தி. அடுத்த ஊர்க்காரன் மீதென்றால் அதுவே தீர்ப்பு.

இதை வெறும் பாசாங்கென்று என்னால் ஒதுக்க முடியவில்லை. 1994 வேலைநிறுத்தத்தில் கசந்துபோன ரசிகனைத் திரும்ப இழுத்ததில் 1998இன் ஹோம் ரன்களுக்குப் பெரும் பங்குண்டு. மார்க் மக்வயரின் அலமாரியில் ஆண்ட்ரோ (பேஸ்பாலில் அன்று தடையில்லாதது) இருந்தது அந்த ஆண்டே செய்தியாச்சு. கைதட்டல் நிற்கவில்லை, முதலாளிகளின் கல்லா நிறைந்தது. 2007 டிசம்பரில் மிட்செல் அறிக்கை பொறுப்பு எல்லோருக்கும் உண்டு என்றது. நினைவில் நின்றதோ ஆட்டக்காரர் பெயர்கள்தாம்.

மருந்து ஏறிய உடலைக் குற்றவாளியாக்குவது சுலபம். அந்த உடலைக் கேட்டு வாங்கிய ரசனையை எந்தக் கூண்டில் ஏத்துவது?